பை விழுந்த அணிக்கு எத்தனை புள்ளி? கல்லூரி ஹாக்கிக்குக் கணிப்புச் சீட்டு நடத்தும் முறை

மேனேஜர்ஸ் மீட்டிங் சாயங்காலம் ஆறு மணிக்கு. லாட் (குலுக்கல்) எடுத்து ஃபிக்சர் (யாரோடு யார் மோதுவது என்ற படம்) போட்டு முடிய ஏழரை ஆகிவிடும். மறுநாள் காலை ஏழு மணிக்கு முதல் மேட்ச். யார் ஜெயிப்பார் என்று கணிப்புப் போட்டி நடத்துகிறவர் கையில் இருப்பது இந்த ஒரு ராத்திரிதான். சீட்டு அடிக்க வேண்டும், ஆட்களுக்குப் போய்ச்சேர வேண்டும், நிரப்பி வாங்க வேண்டும், விடியுமுன் பூட்ட வேண்டும்.

அமெரிக்கக் கல்லூரி ஹாக்கிக்காரர்களுக்கு இந்த அவதி கிடையாது. அங்கே ஹாக்கி என்றால் பனித்தரை ஹாக்கி. தேசியப் போட்டிக்கான 16 அணிகளின் பட்டியல் மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரும், ஆட்டங்கள் வியாழனோ வெள்ளியோ தொடங்கும். நாலு நாள் உட்கார்ந்து யோசித்து நிரப்பலாம். அந்தத் தேசியப் போட்டியில் சமநிலையை முறிக்கும் ஷூட்-அவுட்டும் (கோலியோடு ஒற்றைக்கு ஒற்றை மோதுவது) இல்லை. சமநிலை என்றால் கோல் விழும்வரை இருபது இருபது நிமிடமாக ஆடிக்கொண்டே இருப்பார்கள். அந்த ஊர்ச் சீட்டு மாதிரியை இணையத்தில் பார்த்து அப்படியே எடுத்துப் போட்டால் பாளையங்கோட்டையிலும் கோவில்பட்டியிலும் முதல் நாள் மத்தியானமே சண்டை வரும். நம் ஆட்டம் வேறு, நம் ஃபிக்சர் வேறு, நம் குளறுபடிகளும் வேறு.

கணிக்க ஆள் கிடைக்காதோ என்ற கவலை மட்டும் இந்த நெல்லைச் சீமையில் வேண்டாம். 1986-ல் நெல்லையிலிருந்து பிரிந்து தூத்துக்குடி மாவட்டத்தோடு போய்விட்டாலும் கோவில்பட்டிதான் நமக்கு ஹாக்கி ஊர். அந்த ஊர்ப் பையன் மாரீஸ்வரன் சக்திவேலும், அங்கே விளையாட்டு விடுதியில் தங்கிப் பழகிய அரியலூர் கார்த்தி செல்வமும் 2022 ஆசியக் கோப்பைக்கான இந்திய அணியில் இருந்தார்கள். மைதானத்துச் சுவரில் சாய்ந்து நிற்கிற பெரியவர்கூட எந்தக் கோலிக்கு (கோல்கீப்பருக்கு) இடது பக்கம் பலவீனம் என்று சொல்லிவிடுவார். அவர் வாயால் சொல்வதைத் தாளில் எழுதி வாங்குவதுதான் நம் வேலை.

சரி, ஃபிக்சருக்கு வருவோம். இதைப் புரிந்துகொள்ளாமல் புள்ளி போட உட்காரக் கூடாது.

தோற்றால் வெளியேறும் நாக்-அவுட்டில் அணிகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கழித்தால் ஆட்டங்களின் எண்ணிக்கை. 11 அணி என்றால் 10 ஆட்டம். 11-க்கு அடுத்து வரும் இரண்டின் அடுக்கு (2, 4, 8, 16 என்ற வரிசை) 16, ஆகவே 16-ல் 11 போக 5 பை, அதாவது முதல் சுற்றில் ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும் வாய்ப்பு. மேல் பாதியில் 6 அணி (1 முதல் 6), கீழ்ப் பாதியில் 5 அணி (7 முதல் 11). உடற்கல்வி வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் வரிசைப்படி முதல் பை கீழ்ப் பாதியின் கடைசி இடத்துக்கு, இரண்டாவது மேல் பாதியின் முதல் இடத்துக்கு, மூன்றாவது கீழ்ப் பாதியின் முதல் இடத்துக்கு, நாலாவது மேல் பாதியின் கடைசி இடத்துக்கு. ஐந்தாவதுக்கு மறுபடி கீழே வந்து கடைசிக்கு முந்தின இடம். ஆக 11, 1, 7, 6, 10 ஆகிய லாட் எண்களுக்கு பை. முதல் சுற்றில் ஆடுவது 2-3, 4-5, 8-9 என்று மூன்றே ஆட்டம். அப்புறம் நாலு கால் இறுதி, இரண்டு அரையிறுதி, ஒரு இறுதி. கூட்டினால் பத்து.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். 10-ம் எண்ணும் 11-ம் எண்ணும் பை வாங்கிய இருவர், கால் இறுதியில் நேராக மோதுகிறார்கள். அதாவது அந்த இருவரில் ஒருவர் ஒரே ஒரு ஆட்டம் ஜெயித்து அரையிறுதிக்குப் போகிறார். 4-ம் எண்ணோ 5-ம் எண்ணோ அதே இடத்துக்கு வர இரண்டு ஆட்டம் ஜெயிக்க வேண்டும். சீட்டு நிரப்புகிறவருக்கு இது தெரிய வேண்டும். எனவே வெறும் அணிப் பட்டியலைக் கொடுக்காதீர்கள், ஃபிக்சர் படத்தையே சீட்டின் மேல் பாதியில் அச்சடியுங்கள்.

பத்து ஆட்டத்துக்கும் சேர்த்து ஒருவர் நிரப்பக்கூடிய வெவ்வேறு விதம் 1,024. பதினாறு அணி என்றால் 32,768. எனவே பதினோரு அணிப் போட்டியில் நூறு பேர் சீட்டுப் போட்டால் எல்லாம் சரியாக எழுதின ஆள் ஒருவர் வந்தாலும் வரலாம். பதினாறு அணியில் அதை எதிர்பார்த்துப் பரிசு அறிவிக்க வேண்டாம், அறிவித்தால் ஒருவருக்கும் கொடுக்காமல் தப்பிக்கும் தந்திரம் என்றுதான் பேசுவார்கள்.

இனி புள்ளி. எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு போடுவது 1, 2, 4, 8 என்று சுற்றுக்குச் சுற்று இரட்டிப்பு. பதினோரு அணிக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: முதல் சுற்று 3, கால் இறுதி நாலுக்கும் 8, அரையிறுதி இரண்டுக்கும் 8, இறுதி 8, மொத்தம் 27. சாம்பியனைச் சரியாகச் சொன்னவருக்கு, அந்த அணி பை வாங்கியிருந்தாலும், அந்த ஒரு பெயரால் மட்டும் 2+4+8 என்று 14 வந்துவிடும். பாதிக்கு மேல். மற்ற கட்டங்களில் என்ன எழுதியிருந்தாலும் பெரிதாகக் கவலையில்லை. அப்புறம் எதற்குப் பத்துக் கட்டம்? ஒரு பெயரை எழுதி டப்பாவில் போடச் சொன்னால் போதுமே.

எங்கள் சிபாரிசு 2, 3, 4, 6. முதல் சுற்று 6, கால் இறுதி 12, அரையிறுதி 8, இறுதி 6, மொத்தம் 32. பை வாங்கிய சாம்பியனைச் சொன்னவருக்கு அந்தப் பெயரால் 13, ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு. முதல் சுற்றிலிருந்து ஏறி வந்த சாம்பியனைச் சொன்னவருக்கு 15. நாலு ஆட்டம் ஜெயித்து வரும் அணியை நம்பினவருக்கு அந்த இரண்டு கூடுதல் நியாயம்தான். பைக்கு என்று தனியாகப் புள்ளி கிடையாது. ஆடாத ஆட்டத்துக்கு யாரும் கணிக்கவில்லை. அரையிறுதிக்கும் இறுதிக்கும் இரட்டைப்படை எண் வைத்ததற்குக் காரணம் உண்டு, மழை பற்றிச் சொல்லும்போது வரும்.

பலவீனமான அணி ஜெயித்தால் கூடுதல் புள்ளி வேண்டும் என்று ஒரு கோஷ்டி கேட்கும். கேட்பது தப்பில்லை. ஆனால் தரவரிசை எண்ணால் பெருக்குவது மாதிரி எதையும் செய்யாதீர்கள். கல்லூரி ஹாக்கியில் நம்பத்தக்க தரவரிசை கிடையாது. போன வருஷம் ஜெயித்தவர்களையும் இறுதியில் தோற்றவர்களையும் ஃபிக்சரின் இரு முனையில் வைப்பார்கள், அவ்வளவுதான். அந்த அணிகளின் பாதிப் பேர் படிப்பு முடித்துப் போயிருப்பார்கள். பெருக்கல் வைத்தால் எல்லாரும் குருட்டாம்போக்கில் சின்ன அணிகளை எழுத ஆரம்பிப்பார்கள். இதற்குப் பதில் சீட்டுகளையே அளவுகோலாக வைக்கலாம். ஒரு ஆட்டத்தில் மொத்தச் சீட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவானவர்கள் சொன்ன அணி ஜெயித்தால், சொன்னவர்களுக்குக் கூடுதலாக 1. அறுபது சீட்டு என்றால் பதினொருவர் அல்லது அதற்கும் குறைவு. ஒரு குறை: ஒரு கல்லூரிப் பிள்ளைகள் இருபது பேர் கூட்டமாக வந்து சொந்த அணியை எழுதிவிட்டால் அந்த அணி எவ்வளவு நோஞ்சானாக இருந்தாலும் கூடுதல் புள்ளி செத்துப்போகும். அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். பாசத்துக்குத் தனி விலை கிடையாது.

இருவர் ஒரே புள்ளியில் நின்றால் பிரிக்க ஒரு சமன் முறிப்பு வேண்டும், அதற்கு எல்லாரும் கேட்பது இறுதியாட்டத்தின் மொத்த கோல். இது போதாது. 2023 உலகக் கோப்பை இறுதியில் ஜெர்மனியும் பெல்ஜியமும் 3-3, ஆறு கோல். 2024 பாரிஸ் ஒலிம்பிக் ஆடவர் இறுதியில் நெதர்லாந்தும் ஜெர்மனியும் 1-1, இரண்டே கோல். இரண்டுமே ஷூட்-அவுட்டில் முடிந்தவை. ஆள்கள் எழுதுவது பெரும்பாலும் மூன்று, நாலு, ஐந்து. எனவே சமன் முறிப்பே சமனாகி நிற்கும். அதைவிட இரண்டு அரையிறுதியும் இறுதியும் சேர்த்து மூன்று ஆட்டத்தின் மொத்த கோலைக் கேளுங்கள். எண் விரியும், மோதல் குறையும். மூன்றாம் இட ஆட்டத்தைச் சேர்க்காதீர்கள். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று இரண்டு அணியும் கிளம்பி, அது நடக்காமலே போகும் நாளும் உண்டு.

ஷூட்-அவுட் கோல் மொத்தத்தில் சேராது என்று சீட்டிலேயே அச்சடியுங்கள். 23 மீட்டர் கோட்டிலிருந்து எட்டு வினாடி, அணிக்கு ஐந்து பேர், அதில் விழுவது வெற்றியைத் தீர்மானிக்கத்தான். 2-2 (4-3) என்ற முடிவை யாராவது ஒரு புண்ணியவான் 6-5 என்று குழுவில் போட்டுவிடுவார். அது நமக்கு நாலு கோல். ஷூட்-அவுட்டுக்குப் பதில் பெனால்டி ஸ்ட்ரோக் வைத்து முடிக்கிற போட்டியானாலும் இதே விதி. ஆட்ட நேரத்தையும் எழுதுங்கள். முறைப்படி 15 நிமிடமாக நாலு கால் பகுதி. ஒரே மைதானத்தில் ஒரே நாளில் ஐந்து ஆட்டம் முடிக்க வேண்டும் என்று நேரத்தைக் குறைத்தால் கோலும் குறையும், கணிக்கிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். செம்மண் தரையா, கோவில்பட்டி மாதிரி செயற்கை இழைத் தளமா என்பதும் அப்படியே. இழைத் தளத்தில் பந்து துள்ளாமல் ஓடும், பெனால்டி கார்னரில் பந்தை நிறுத்துவதும் மட்டையால் இழுத்து வீசும் டிராக் ஃப்ளிக்கும் ஒழுங்காக நடக்கும். மண் தரையில் பாதி கார்னர் நிறுத்தும்போதே வீணாகும்.

எவ்வளவு தூரம் தள்ளி எழுதினார் என்பதுதான் கணக்கு. 12 கோல் விழுந்து ஒருவர் 11, ஒருவர் 13 என்றால் குறைவாக எழுதியவருக்கு முன்னுரிமை. இதற்குத் தத்துவம் ஒன்றும் இல்லை, முதலிலேயே எழுதிவைத்தால் போதும். அதற்கப்புறமும் சமன் என்றால் பரிசைப் பங்குபோடுங்கள். முதலில் அனுப்பியவருக்கு என்று வைத்தால் சிக்னல் நன்றாகக் கிடைக்கிற தெருவில் இருப்பவர்தான் ஜெயிப்பார்.

கூகுள் ஃபார்மில் சீட்டு வைக்கிறவர்கள் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுவார்கள். முதல் சுற்றில் 3-ம் எண் தோற்கும் என்று எழுதிவிட்டு, கால் இறுதியில் 3-ம் எண் ஜெயிக்கும் என்று எழுதுவது. ஃபார்முக்கு இது தப்பென்று தெரியாது. இதைத் தவிர்க்க அரையிறுதிக்கு வருபவரைக் கட்டம் கட்டமாகக் கேளுங்கள். முதல் கட்டத்தின் பட்டியலில் 1, 2, 3 மட்டும் இருக்கட்டும். இரண்டாவதில் 4, 5, 6. மூன்றாவதில் 7, 8, 9. நாலாவதில் 10, 11. ஒவ்வொன்றிலும் ஒருவரைத் தேர்ந்தெடுத்தால் நாலு அரையிறுதிக்காரர்கள் வந்தாயிற்று. அப்புறம் மேல் பாதியிலிருந்து இறுதிக்கு வருபவர், கீழ்ப் பாதியிலிருந்து இறுதிக்கு வருபவர், சாம்பியன். முதல் சுற்று மூன்று ஆட்டமும் தனிக் கேள்வி. பத்துக் கேள்வி, பதினொன்றாவது கோல் எண்ணிக்கை. பிறகு விரிதாளில் ஒரு சோதனைப் பத்தி போட்டு, இறுதிக்காரர் இவர் எழுதிய அரையிறுதிக்காரர்களில் ஒருவர்தானா, சாம்பியன் இறுதிக்காரர்களில் ஒருவர்தானா, முதல் சுற்றில் தோற்பதாக எழுதிய அணி மேலே வந்திருக்கிறதா என்று பாருங்கள். பொருந்தாத இடத்தில், பிந்தின சுற்றுக் கட்டத்துக்கு மட்டும் பூஜ்யம். சீட்டையே தள்ளுபடி செய்ய வேண்டியதில்லை.

விரிதாளின் நேர மண்டலத்தைப் பார்த்துவிடுங்கள். அது வேறு நாட்டு நேரத்தில் கிடந்தால் நேரப் பத்தியில் ராத்திரி பத்து மணிச் சீட்டு காலையிலோ மத்தியானத்திலோ வந்ததாகக் காட்டும். காலக்கெடு முடிந்தபின் வந்தது என்று யாரையும் தள்ளுமுன் அமைப்புகளில் கொல்கத்தா நேரம் இருக்கிறதா என்று சரிபாருங்கள். ஃபார்மை மூடுவதைக் கைப்படச் செய்து, நேரப் பத்தியையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஒரே ஆள் இரண்டு தரம் அனுப்பினால் கெடுவுக்குள் வந்த கடைசிச் சீட்டுதான் செல்லும்.

காகிதச் சீட்டை விட்டுவிடாதீர்கள். மைதானத்து டீக்கடைப் பெரியவர்கள் ஃபார்ம் நிரப்ப மாட்டார்கள், ஆனால் ஆட்டம் தெரிந்தவர்கள் அவர்கள்தான். ஏ4 தாளைப் பாதியாக வெட்டினால் ஐம்பது தாளில் நூறு சீட்டு. இடது ஓரத்தில் அடிக்கட்டை விட்டு இரண்டு பக்கமும் ஒரே எண் போடுங்கள். அடிக்கட்டையில் சாம்பியன் பெயரும் கோல் எண்ணும் எழுதிக் கிழித்து அவர் கையிலேயே கொடுங்கள். நாளைக்கு ‘நான் அதை எழுதலையே’ என்று வந்தால் அடிக்கட்டை பேசும். காகிதச் சீட்டில் மாற்றிக்கொடுப்பது கிடையாது. பெட்டியில் போட்டால் போட்டதுதான்.

அணிப் பெயர் எழுதும் முறையில் ஒரு பெரிய வம்பு ஒளிந்திருக்கிறது. மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் எல்லையில் நெல்லை, தென்காசி, தூத்துக்குடியோடு கன்னியாகுமரி மாவட்டமும் வரும். ‘இந்துக் காலேஜ்’ என்று எழுதினால் பேட்டையில் இருக்கிற ம.தி.தா. இந்துக் கல்லூரியா, நாகர்கோவில் தெ.தி. இந்துக் கல்லூரியா? ‘வ.உ.சி.’ என்றால் தூத்துக்குடிக் கல்லூரியா, பாளையங்கோட்டை மைதானமா? ‘சேவியர்ஸ்’ என்றால் பாளையங்கோட்டையா, பொறியியல் கல்லூரிகளும் வருகிற திறந்த போட்டியில் சுங்கான்கடையா? சீட்டில் லாட் எண்ணையே எழுதச் சொல்லுங்கள், பக்கத்தில் ஊர்ப் பெயர். எண்ணும் ஊரும் முரண்பட்டால் எண் செல்லும்.

காலக்கெடு அச்சடித்த முதல் ஆட்ட நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன். ஆட்டம் நிஜமாகத் தொடங்கும் நேரத்தை வைத்துக் கெடு போடாதீர்கள். முதல் ஆட்டத்து அணி வந்துசேராமல் இரண்டாவது ஆட்டத்தை முன்னால் இழுத்துப் போட்டால் எல்லாம் குழம்பும். கெடு முடிந்த நிமிடமே எல்லாருடைய சீட்டையும் ஒரே தாளில் வெளியே போட்டுவிடுங்கள். பெயருக்குப் பக்கத்தில் போன் நம்பர் வேண்டாம், கடைசி நாலு இலக்கம் போதும். பெண் பிள்ளைகள் புனைபெயரில் போட விரும்பினால் விடுங்கள். இப்படி வெளியிடுவதுதான் நடத்துகிறவரைக் காப்பாற்றும். இல்லாவிட்டால் அவர் ராத்திரியோடு ராத்திரியாகத் தன் சீட்டைத் திருத்தினார் என்ற பேச்சு நிற்கவே நிற்காது. அவரும், ஆடுகிற பிள்ளைகளும், அம்பயர்களும், டெக்னிக்கல் டேபிளில் உட்காருகிறவர்களும், அணியோடு வந்த பி.டி. சார்களும் சீட்டுப் போடக் கூடாது.

ரொம்பக் குளறுபடியான போட்டி என்று முன்பே தெரிந்தால் முதல் சுற்றை விட்டுவிடலாம். முதல் நாள் முடிந்த ராத்திரி, எட்டு அணி மிச்சம் இருக்கும்போது சீட்டைத் திறங்கள். யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பது தெரிந்துவிடும், ஆட்டத்தையும் ஒருமுறை பார்த்தாயிற்று. ஏழு ஆட்டம், 128 விதம். சுவை கொஞ்சம் குறையும், தலைவலி நிறையக் குறையும்.

ஏனென்றால் வாக்-ஓவர்தான் (எதிரணி வராமலே கிடைக்கும் வெற்றி) இந்த விளையாட்டின் சனியன். பரீட்சை வந்துவிட்டது, வண்டி கிடைக்கவில்லை, பதினொரு பேர் சேரவில்லை. காரணம் எதுவானாலும் கெடு முடிந்தபின் ஒரு அணி வராவிட்டால் அந்த ஆட்டத்துக்கு யாருக்கும் புள்ளி இல்லை. எதிரணி மேலே போகும், அதன் அடுத்த ஆட்டத்துக்கு வழக்கம்போல் புள்ளி. வராத அணியைச் சாம்பியன் என்று எழுதினவர் வந்து நிற்பார்: “அண்ணாச்சி, அவனுவ வரவே இல்லல்லா, நான் எழுதுனத மாத்திக்கிடட்டுமா?” பாவமாகத்தான் இருக்கும். மாற்ற விடாதீர்கள். ஒருவரை விட்டால் அடுத்தவர் கோலி காலில் அடிபட்ட கதையோடு வருவார்.

அடுத்தது புகார். தோற்ற அணி மேனேஜர், எதிரணியில் ஆடியவர் அந்தக் கல்லூரி மாணவரே இல்லை என்று எழுதிக் கொடுப்பார். சாயங்காலம் முடிவு புரளும். இதற்கு ஒரே விதி: அடுத்த சுற்றில் யார் களம் இறங்குகிறார்களோ அவர்களே ஜெயித்தவர்கள். அந்த ஆட்டம் தொடங்கிவிட்டால் பிறகு எந்தத் தீர்ப்பு வந்தாலும் சீட்டுக் கணக்கு மாறாது. இறுதியாட்டத்துக்கு அடுத்த சுற்று இல்லாததால் பரிசு கொடுக்கும் நேரத்தில் மேடையில் கோப்பை வாங்கியவர். ஸ்கோர் எதுவானாலும் அம்பயர்கள் கையெழுத்துப் போட்ட ஸ்கோர் ஷீட்தான் ஆதாரம், அதைப் போய்ப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

மழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவம் நம் பக்கம் கொட்டும். செம்மண் தரையாவது வெயில் பட்டால் கொஞ்ச நேரத்தில் வழிவிடும். கரிசல் சேறானால் அன்றைக்கு மட்டை எடுக்க முடியாது. இறுதியாட்டம் நடக்காமல் இரு அணியையும் கூட்டு வெற்றியாளராக அறிவித்தால், அந்த இருவரில் எவரை எழுதியிருந்தாலும் பாதிப் புள்ளி, அதாவது 3. இரட்டைப்படை எண் வைக்கச் சொன்னது இதற்குத்தான். டாஸ் போட்டு ஒருவரை அரையிறுதியிலிருந்து மேலே அனுப்பினால் அங்கேயும் பாதி, ஆளுக்கு 2, இரண்டு அணியை எழுதியவர்களுக்கும். ஆனால் இறுதிக்குப் போவது டாஸ் ஜெயித்தவர்தான். கோல் மொத்தத்தில் நடக்காத ஆட்டத்துக்குப் பூஜ்யம்.

கால் இறுதி முடிந்த ராத்திரிதான் போட்டி உயிரோடு இருக்குமா என்பது தெரியும். பாதிப் பேரின் சாம்பியன் வெளியேறியிருப்பார். அன்றைக்கு வெறும் புள்ளிப் பட்டியலைப் போட்டால் முதல் ஐந்து பேரைத் தவிர மற்றவர்கள் அரையிறுதிக்கு மைதானம் பக்கம் வர மாட்டார்கள். மூன்று பத்தி போடுங்கள்: வாங்கியது, இனி வாங்கக்கூடியது, இரண்டும் சேர்ந்த உச்சம். ஒரு உதாரணம். ஒருவர் முதல் சுற்றில் மூன்றும் சரி, கால் இறுதியில் மூன்று சரி, 6+9 என்று 15. ஆனால் அவர் எழுதிய இறுதிக்காரர்களில் ஒருவர் வெளியே போயாயிற்று. மிச்சம் 4+6, உச்சம் 25. இன்னொருவர் முதல் சுற்றில் ஒன்றுதான் சரி, கால் இறுதியில் நாலும் சரி, 2+12 என்று 14. மிச்சம் 8+6, உச்சம் 28. பட்டியலில் ஒரு புள்ளி பின்னால் நிற்கிற இரண்டாமவர்தான் வலுவான இடத்தில் இருக்கிறார். இருவரும் ஒரே சாம்பியனை எழுதியிருந்தால் அந்தப் புள்ளி இருவருக்கும் சேர்ந்தே ஏறும். வித்தியாசம் மற்ற அரையிறுதியில்தான். அதைப் படித்தவர் சாயங்காலம் அந்த அரையிறுதிக்குக் கட்டாயம் வருவார்.

அத்தோடு, அரையிறுதிக்கு முந்தின ராத்திரி ஒரு குட்டிச் சீட்டு திறக்கலாம்: இரண்டு அரையிறுதி, சாம்பியன், கோல் எண்ணிக்கை. பெரிய சீட்டோடு சேராது, தனிப் பரிசு. தோற்றுப் போனவர்கள் திரும்பி வருவார்கள்.

எல்லாப் போட்டியும் முழு நாக்-அவுட் இல்லை. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான தென்மண்டலப் போட்டி மாதிரி, கால் இறுதிவரை நாக்-அவுட், கடைசி நாலு அணி லீக் என்று வந்தால் இறுதியாட்டமே கிடையாது. ஆறு லீக் ஆட்டம், ஜெயித்தால் 3, சமன் என்றால் 1. இதற்கு ஆட்டவாரியாகக் கணிக்கச் சொன்னால் டிரா என்ற மூன்றாவது விடை வந்து சீட்டு நீளும். முதலிடம் முதல் நாலாமிடம் வரை வரிசையை மட்டும் கேளுங்கள். முதலிடம் 6, இரண்டாமிடம் 4, மூன்றும் நாலும் தலா 2. மூன்று இடம் சரியாகி ஒன்று மட்டும் தப்பாவது நடக்காத காரியம், கடைசி இடம் தானாக விழுந்துவிடும், அதனால்தான் அடியில் புள்ளி குறைவு. புள்ளி சமமானால் சர்வதேச முறையில் முதலில் ஜெயித்த ஆட்டங்களின் எண்ணிக்கை, அடுத்து கோல் வித்தியாசம், அடுத்து போட்ட கோல். நடத்துகிறவர்கள் வேறு மாதிரி வைத்திருந்தால் அவர்கள் விதித்தாளை அப்படியே சீட்டின் பின்னால் அச்சடியுங்கள்.

பணம். பத்து ரூபாய்கூட வாங்காதீர்கள். 1930-ம் வருஷத்துத் தமிழ்நாடு சூதாட்டச் சட்டம் இருக்கிறது, 2022-ல் இணையச் சூதாட்டத்துக்கு எதிராக மாநில அவசரச் சட்டம் வந்து 2023-ல் சட்டமானது, 2025-ல் மத்திய அரசு, பணம் கட்டிப் பணம் எதிர்பார்த்து ஆடும் இணைய விளையாட்டுகளையே தடுத்துவிட்டது. அதில் திறமையா அதிர்ஷ்டமா என்ற வாதம் எடுபடாது. கட்டணம் இல்லாமல், பரிசை யாராவது ஒருவர் வாங்கிக் கொடுப்பதாக இருந்தால் மனசில் உறுத்தல் இல்லை. சீட்டை வைத்து ஓரமாகப் பந்தயம் கட்டுகிறவர்கள் தெரிந்தால் அவர்கள் சீட்டைக் கிழித்துவிடுவோம் என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். கல்லூரிப் பிள்ளைகள் ஆடுகிற ஆட்டம். பந்தயப் பணம் உள்ளே வந்தால் நாளைக்கு அவர்கள் காதருகே வந்து யாராவது பேசுவார்கள்.

பரிசுக்கு ரொம்ப யோசிக்க வேண்டாம். முதல் பரிசு ஒரு நல்ல ஸ்டிக், ஜெயித்தவர் ஆடாதவர் என்றால் தன் பள்ளிக்கூடத்துக்கே கொடுத்துவிடுவார். இரண்டாவதுக்கு ஒரு கிலோ அல்வா. குட்டிச் சீட்டுக்குக் கோவில்பட்டிக் கடலை மிட்டாய், 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. அல்வாவை இறுதியாட்டத்தன்று காலையில் வாங்குங்கள். மழையில் இறுதி இரண்டு நாள் தள்ளிப்போனால் நெய் உறைந்த பொட்டலத்தைப் பரிசென்று நீட்ட வேண்டிவரும். மிட்டாய்க்கு அந்தக் கவலை இல்லை, ஆனால் டெக்னிக்கல் டேபிள் பக்கம் வைக்காதீர்கள், இடைவேளைக்குள் பாதி காலியாகிவிடும்.